ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பை கிளவுடில் ஏற்றுவது எப்படி? பெங்களூரு வாத்தியார்களுக்கு ஒரு செய்முறை

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எப்படி நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபார்ட்மென்ட் பார்ட்டி ஹாலில் அன்றைக்குப் பிறந்தநாள் விழா எதுவும் இல்லையென்றால் அங்கே, இருந்தால் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில். போர்டு கிடையாது, பீரோ கிடையாது, பாடப் புத்தகம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பையில் இடம் இருந்தால் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி மூன்றையும் சுமந்துவிட்டு, தமிழில் பேச மட்டும் தெரிந்துகொண்டு, எழுதப் படிக்க நம்மிடம் வருகிறார்கள். இப்படி நிலையான இடமே இல்லாத வகுப்புக்குத்தான் கிளவுட் ரொம்பப் பொருத்தம். அல்சூர், கே.ஆர்.புரம், எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே சொல்லிக்கொடுத்தாலும் சரி, ஒரு லேப்டாப்பும் போனும் இருந்தால் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். ஐடி வேலையில் இருப்பவர்கள் கிளவுட் என்றால் என்ன என்ற பகுதியைத் தாண்டிப் போகலாம். கணக்கு யார் பெயரில் என்று சொல்லும் படி 1-ஐ மட்டும் தாண்டாதீர்கள், அதில் கோட்டை விடுவது பெரும்பாலும் நீங்கள்தான்.

கிளவுட் என்றால் என்ன

உங்கள் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இன்டர்நெட் வழியாக அதை எடுத்து வேலை பார்க்கிறீர்கள். அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொன்னால், சொந்தமாக போர்வெல் போட்டு, மோட்டார் எரிந்தால் ஆள் தேடி அலைவதற்கும், காவிரி கனெக்ஷன் வாங்கி மீட்டரில் ஓடிய அளவுக்கு மட்டும் பில் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். (காவிரி என்றதும் வேறு பேச்சுக்குப் போக வேண்டாம், நாம் வகுப்பைப் பற்றிப் பேசுகிறோம்.)

இந்த வாடகைத் தொழில் சூடுபிடித்தது 2006-இல். அந்த ஆண்டு மார்ச்சில் அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையைத் திறந்தது, ஆகஸ்டில் சர்வர்களையே மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. இந்தியாவுக்குள் மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையில் கிளவுட் மையங்களைத் திறந்தது; அமேசான் 2016-இல் மும்பைக்கு வந்தது; கூகுள் 2017-இல் மும்பை, 2021-இல் டெல்லி. ஆனால் இது கம்பெனிகளுக்கான கணக்கு. நம் சாதாரண ஜிமெயில் கணக்கில் ஏற்றும் ஃபைல் இந்தியாவில்தான் இருக்கும் என்று யாரும் நமக்கு உறுதி தரவில்லை.

கிளவுடை மூன்று அடுக்காகப் பிரித்துச் சொல்வார்கள். வெறும் மெஷினை வாடகைக்கு எடுப்பது ஒன்று, நாம் எழுதும் புரோகிராமை ஓட்டுவதற்கான தளத்தை எடுப்பது இரண்டு, முழுசாகச் செய்து வைத்த மென்பொருளை பிரவுசரில் திறந்து அப்படியே பயன்படுத்துவது மூன்று. ஜிமெயில், கூகுள் டாக்ஸ், ஜூம் எல்லாம் மூன்றாவது வகை. தமிழ் வாத்தியாருக்கு அது போதும், முதல் இரண்டையும் யாராவது விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கீழே எல்லாவற்றையும் ஜிமெயில் கணக்கோடு சேர்ந்து வரும் ஃபைல் சேமிப்பிடமான கூகுள் டிரைவை வைத்தே சொல்கிறேன். அது உசத்தி என்பதற்காக அல்ல, பெற்றோர் எல்லாரிடமும் ஜிமெயில் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக.

படி 1: வகுப்புக்கென்று தனிக் கணக்கு

உங்கள் சொந்தக் கணக்கில் ஆரம்பிக்காதீர்கள். ஆபீஸ் கணக்கில் வேண்டவே வேண்டாம், வேலை மாறும் அன்று அதுவும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில் மூன்று வருடப் பாடக் குறிப்பு, பயிற்சித் தாள், ஆண்டு விழா நாடகம் எல்லாம் ஒரே ஆசிரியரின் கணக்கில் இருந்தன. அவர் வேலை மாறி வெளிநாடு போனார், மனஸ்தாபம் ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை. "அனுப்புகிறேன் சார்" என்பதோடு சரி.

வகுப்பின் பெயரில் ஒரு கணக்கு திறங்கள். மீட்பு எண்ணாக ஒருவருடைய போனையும், மீட்பு மின்னஞ்சலாக இன்னொருவருடையதையும் கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்பது) ஆன் செய்தால், அவசரத்துக்குப் பயன்படுத்த 10 பேக்கப் கோடுகள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். அதை பிரின்ட் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். அப்புறம், இரண்டு வருடம் யாருமே தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. வகுப்பு நின்றுபோய், பிறகு மறுபடி ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பகிர்ந்த ஃபோல்டருக்குள் நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்துகொண்டு ஒரு ஃபைலை உருவாக்கினால், அந்த ஃபைலுக்கு உரிமையாளர் நீங்கள்தான், ஃபோல்டர்காரர் அல்ல. நீங்கள் உங்கள் கணக்கை மூடினால் அதுவும் போகும். அதனால் புதிய பாடம் தயாரிக்கும்போது வகுப்புக் கணக்கில் லாகின் செய்து தயாரியுங்கள்.

படி 2: ஃபோல்டர்

நாலு ஃபோல்டர் போதும்: பாடங்கள், பயிற்சிகள், ஒலிப்பதிவுகள், ஆசிரியர்களுக்கு மட்டும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தேடினால் கிடைக்கும். வரிசை மாறாமல் இருக்க முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

படி 3: கையில் இருப்பதை உள்ளே கொண்டுவருவது

உண்மையான வேலை இங்கேதான். நம்மிடம் இருப்பது இரண்டு வகை: அச்சடித்த தாள், பழைய வேர்டு ஃபைல்.

அச்சடித்த பக்கத்தை போனில் நேராக, நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல் படம் எடுங்கள். டிரைவில் ஏற்றுங்கள். பிறகு லேப்டாப்பில் அந்தப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஓபன் வித் என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்ச நேரத்தில் புதிய ஆவணம் ஒன்று திறக்கும், மேலே உங்கள் படம், கீழே அதில் இருந்த தமிழ் எழுத்துகள், திருத்தக்கூடிய வடிவில். நாள் முழுக்கத் தட்டச்சு செய்து கழுத்து வலி வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். போன் ஆப்பில் இந்த வசதி இல்லை, லேப்டாப்தான் வேண்டும். படம் 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது, தலைகீழாக இருந்தால் வேலைக்கு ஆகாது. பக்கத்தை நெடுக்கில் இரண்டாகப் பிரித்து அச்சடித்தது, அட்டவணை எல்லாம் குழம்பி வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய லை, னை போன்ற எழுத்துகளில் தடுமாறலாம். ர, ற, ன, ண மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் படித்துவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தப்பும் தவறுமாகக் கொடுக்கக் கூடாது. விற்பனையில் இருக்கும் புத்தகத்தை முழுசாக இப்படி ஏற்றாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே ஏராளமான நூல்கள் கிடைக்கின்றன.

பழைய வேர்டு ஃபைல் வேறு தலைவலி. பாமினி எழுத்துருவில் அடித்த பாடத்தை கூகுள் டாக்ஸில் திறந்தால், அம்மா என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது, கிளவுடில் அந்த எழுத்துரு இல்லாததால் போர்வை விலகிவிட்டது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறை) மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. அந்தக் கந்தரகோளத்தை அப்படியே காப்பி செய்து அதில் போட்டால் நல்ல தமிழாக வரும். இதைச் செய்யாமல் படமாக மட்டும் வைத்துக்கொண்டால் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது.

இரண்டும் இல்லாமல் மனதில் இருக்கும் பாடம் என்றால், குரோம் பிரவுசரில் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் குரல் தட்டச்சைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டுப் பேசுங்கள். நிறுத்தி, செந்தமிழுக்குக் கொஞ்சம் பக்கமாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது.

படி 4: யாருக்கு எந்த உரிமை

ஷேர் பட்டனை அழுத்தினால் மூன்று நிலை வரும்: பார்க்கலாம், கருத்து சொல்லலாம், திருத்தலாம். பெற்றோருக்குப் பார்க்கும் உரிமை போதும். சக ஆசிரியர்களுக்குத் திருத்தும் உரிமை கொடுங்கள், ஆனால் அங்கே இருக்கும் கியர் படத்தை அழுத்தி, திருத்துகிறவர்கள் மற்றவர்களுக்கும் பகிரலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஃபோல்டரைப் பகிர்ந்தால் அதற்குள் இனிமேல் போடுவதும் சேர்த்துப் பகிரப்படும். பெற்றோர் போன் நம்பரோடு உள்ள வருகைப் பட்டியலை யாரோ அவசரத்தில் பாடங்கள் ஃபோல்டருக்குள் போட்டால், எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். நாலாவது ஃபோல்டர் அதற்குத்தான். லிங்க் அனுப்பும் முன்னால் இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் லாகின் இல்லாமல் திறக்கும் பிரவுசர் ஜன்னல்) திறந்து பாருங்கள், வெளியாளுக்கு என்ன தெரிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பயிற்சித் தாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி நகலாகக் கொடுக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆவணத்தின் முகவரியில் கடைசியில் ஆங்கிலத்தில் எடிட் என்று இருக்கும், அதையும் அதற்குப் பிறகு வருவதையும் அழித்துவிட்டு காப்பி என்று ஆங்கிலத்தில் தட்டி அந்த முகவரியை அனுப்புங்கள். திறக்கிறவர்களை நகல் எடுக்கச் சொல்லிக் கேட்கும், உங்கள் மூலத்தை யாரும் கிறுக்க முடியாது.

படி 5: வகுப்பில் பயன்படுத்துவது

எழுத்தை நோட்டில் கையால்தான் எழுத வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ழ சுழிப்பதை விசைப்பலகை சொல்லித்தராது. கிளவுட் நன்றாக உதவுவது வாசிப்பிலும் சேர்ந்து எழுதுவதிலும். பெரிய பிள்ளைகள் ஒரே ஆவணத்தில் ஆளுக்கு ஒரு பத்தியாகக் கதை எழுதட்டும். யாராவது யாருடையதையாவது அழித்துவிட்டு "நான் இல்லை அக்கா" என்று முழித்தால், பதிப்பு வரலாற்றைத் திறந்து முந்தைய நிலைக்கே கொண்டுபோய்விடலாம், யார் அழித்தது என்பதும் அதிலேயே இருக்கும்.

வாரம் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். ஒலி நிமிடத்துக்கு சுமார் 1 எம்பிதான், வீடியோ என்றால் நிமிடத்துக்கு 100 எம்பியைக்கூடத் தாண்டும். இலவசக் கணக்கில் 15 ஜிபி, அதுவும் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து. நிரம்பினால் மெயிலும் வராது. ஆண்டு விழா வீடியோவை ஹார்டு டிஸ்கில் வையுங்கள்.

ஆன்லைனில் வகுப்பு எடுப்பதானால் கூகுள் மீட்டில் இலவசக் குழு அழைப்பு 60 நிமிடம், ஜூமில் 40.

படி 6: பிள்ளைகளின் விவரம்

13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தாங்களாக கூகுள் கணக்கு திறக்க முடியாது. வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்துகொடுக்கும் பெற்றோர் உண்டு, நாமாவது சொல்ல வேண்டாம். அம்மா அல்லது அப்பா கணக்கிலேயே திறக்கட்டும். 2023-இல் வந்த இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. முகம் தெரியும் படம், முகவரி, பிறந்த தேதி எதையும் திறந்த லிங்க்கில் வைக்காதீர்கள்.

பெரிய பள்ளிகளுக்கு என்ன

2017-இல் தொடங்கிய, பள்ளிப் பாடங்களுக்கான மத்திய அரசின் தீக்‌ஷா தளமும், பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடும், டிஜிலாக்கரில் வரும் சிபிஎஸ்இ மதிப்பெண் சான்றிதழும் எல்லாமே இதே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. பள்ளியில் சர்வர் அறை, அதற்கு ஏசி, அதற்கு ஒரு ஆள் என்று எதுவும் வேண்டாம், லாபம்தான். ஆனால் விதிகளை எழுதுவது வாடகைக்கு விடுகிறவர். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இடம் என்று கொடுத்துவந்த கூகுள், 2021-இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அடிப்படை 100 டிபி என்று வரம்பு வைத்தது. பெரிய பல்கலைக்கழகங்களே அவசர அவசரமாகப் பழையதை அழித்து இடம் பண்ண வேண்டியிருந்தது. இன்னொன்று, வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போவது என்றிருக்கும் பிள்ளைக்கு கிளவுட் வெறும் லிங்க்தான். அந்தப் பிள்ளைக்குத் தாளில் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், வகுப்புப் பணத்தில்.

படி 7: வெளியே எடுத்து வைப்பது

டிரைவில் இருந்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். அந்த வாரப் பாடத்தை மட்டும் முந்தைய நாளே போனில் ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளுங்கள், பெஸ்காம் கரண்ட் போய் வைஃபையும் சேர்ந்து படுத்தால் வகுப்பு நிற்காது.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது, கோடை விடுமுறைக்கும் தசரா விடுமுறைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஃபைல்களை மொத்தமாக வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய் டிரைவை மட்டும் டிக் செய்து ஏற்றுமதி கொடுங்கள். டாக்ஸ் ஆவணங்கள் எல்லாம் வேர்டு ஃபைலாக மாறி ஜிப்பாக வரும். தயாராக சில மணி நேரம் ஆகலாம், மெயிலில் தகவல் வரும். இறக்கிக்கொள்ள சுமார் ஒரு வாரம்தான் அவகாசம், அதனால் மெயில் வந்த அன்றே இறக்கி, ஹார்டு டிஸ்கில் போட்டு, இரண்டு ஃபைலையாவது திறந்து தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.