ஊர்ப் பதிவர் ஆவது எப்படி: அழைப்பிதழ் கடைசியில், ஆற்றங்கரை முதலில்

வலைப்பூவில் பதிவு எழுத ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கிற தம்பிகள் முக்கால்வாசிப் பேர், எதை எழுதுவது என்று கேட்பதில்லை. "அண்ணே, பாண்டியில ஓட்டல் திறந்தா உங்களைக் கூப்பிடுறாங்களே, அது எப்படி?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு 2012-லிருந்து எழுதுகிறேன். முதல் அழைப்பு வர நாலு வருஷம் ஆனது. வந்ததும் பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். சம்பளம் உண்டா என்று கேட்டார், சாப்பாடு உண்டு என்றேன், "அது இங்கயே இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அதனால் இதைத் தலைகீழாகவே சொல்கிறேன். கூப்பிடுகிறவர்கள் உங்கள் எழுத்துக்காகக் கூப்பிடுவதில்லை, உங்களைப் படிக்கிற ஆட்களுக்காகக் கூப்பிடுகிறார்கள். ஆக முதலில் ஆட்களைச் சேர்க்கிற வழியைப் பார்ப்போம், பந்தி அப்புறம்.

எங்கே எழுதுவது என்பதில் ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். பிளாகர் இலவசம், வேர்ட்பிரஸிலும் இலவசமாக ஆரம்பிக்கலாம், எது கைக்கு வருகிறதோ அது போதும். ஆனால் ஃபேஸ்புக்கில் மட்டும் எழுதிவிட்டு அதுவே வலைப்பூ என்று நினைக்காதீர்கள். அங்கே போட்டது ரெண்டு நாளில் கீழே போய்விடும், போன வருஷம் எழுதியதை நீங்களே தேடி எடுக்க முடியாது, தேடுபொறி வழியாக வருகிறவருக்கும் அது கிடைப்பது அரிது. சொந்த இடத்தில் எழுதுங்கள், ஃபேஸ்புக்கில் இணைப்பை மட்டும் போடுங்கள். பிளாகரில் எழுதுகிறவர்கள் ஒரு காரியத்தை மறக்கவே கூடாது: தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி வெறும் 'பிளாக் போஸ்ட்' என்றும் பின்னால் ஓர் எண்ணுமாக உருவாகிவிடும், தலைப்பில் இருப்பது எதுவும் அதில் வராது. வெளியிடுவதற்கு முன்பு பக்கத்தில் இருக்கிற 'பெர்மாலிங்க்' பெட்டியைத் திறந்து, ஊர் பேரையும் விஷயத்தையும் ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடுங்கள். முதல் இரண்டு வருஷம் எனக்கு இது தெரியாது. அந்தப் பதிவுகளின் முகவரிகளை இன்றைக்குப் பார்த்தாலும் மண்டபத்துக்கு வெளியே கழற்றிவிட்ட செருப்பு மாதிரி, எது எவனுடையது என்று தெரியாது.

சரி, என்ன எழுதுவது? நான் கவிதையில் ஆரம்பித்தேன். என் தங்கையும் இன்னும் மூன்று பேரும் படித்தார்கள், அதில் ஒருவர் தப்பான இணைப்பை அழுத்தி வந்தவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டதே, அப்போது கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களைப் பற்றி, கரண்ட் வந்த பிறகு ஒரு பதிவு எழுதினேன். எந்தத் தெருவில் எந்த மரம் விழுந்தது, தண்ணீருக்கு எங்கே வரிசையில் நின்றோம், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதியிருந்தேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் அதைத் தேடி வந்து படித்தார்கள். அவர்களுக்குக் கவிதை தேவைப்படவில்லை, அவர்கள் தெரு எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டியிருந்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி, அந்த இடத்தில் நிற்கிற ஆளுக்கு மட்டும் தெரிவதை எழுதுவது. தை அஞ்சாம் தேதி ஆற்றுத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து பெண்ணையாற்றங்கரையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும், சுருளிக்கிழங்கு விற்பார்கள், ஊரே அங்கேதான் இருக்கும். 'வரலாற்றுச் சிறப்புமிக்க விழா' என்று எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள், ஏனென்றால் அதை ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆல்பேட்டைப் பக்கம் வண்டியை எங்கே நிறுத்தலாம், பாலத்தில் எத்தனை மணிக்கு மேல் நகர முடியாது, கிழங்கு இந்த வருஷம் என்ன விலை, எந்த ஊர் சாமி எத்தனை மணிக்கு வந்தது, கைக்குழந்தையோடு போனால் எந்தப் பக்கம் நிற்கலாம் என்று எழுதுங்கள். அடுத்த தை மாதம் அந்தப் பதிவு தானாகவே எழுந்து ஓடும். வருஷா வருஷம் விலையையும் நேரத்தையும் மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

இப்படி ஊரில் ஒரு காலண்டரே இருக்கிறது. தைப்பூசத்துக்கு வடலூரில் ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம், மாசிமகத்துக்கு இந்தப் பக்கம் தேவனாம்பட்டினம், அந்தப் பக்கம் புதுச்சேரி வைத்திக்குப்பம் (மயிலம் முருகன் அங்கேதான் கடலாட வருவார்), ஆடி அஞ்சாம் வெள்ளி வீராம்பட்டினம் தேர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது துறைமுகத்தில் என்ன கிடைக்கும், வஞ்சிரம் என்ன விலைக்குப் போகும், நாட்டுப்படகு மீன் எது, ஐஸில் வந்தது எது என்று ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். மீன் வாங்கத் தெரியாமல் முழிக்கிற புதுமாப்பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். விழாவுக்கு பத்து நாள் முன்பே பதிவு வெளியே வந்துவிட வேண்டும். முடிந்த மறுநாள் அழகாக எழுதுவது ஆவணத்துக்கு நல்லது, கூட்டம் சேர்க்க உதவாது.

பாண்டியைப் பற்றி எழுதும்போது யாருக்காக எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். சனி ஞாயிறுக்கு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர் தேடுவது அறை, கடற்கரை, காபி, மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் தெரிகிற தெரு. அந்த மஞ்சள் சுவரை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள், நீங்கள் ஆயிரத்து ஓராவது ஆள். முதலியார்பேட்டையில் இருக்கிறவருக்கோ கடலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவருக்கோ வேண்டியது வேறு: ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எந்தப் பக்கம் சட்டை மலிவு, பெரிய மார்க்கெட்டில் எத்தனை மணிக்குப் போனால் மீன் நன்றாக இருக்கும் என்பது மாதிரி. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவில் எழுதினால் ரெண்டு பேரும் பாதியில் போய்விடுவார்கள். நான் உள்ளூர்க்காரரைப் பிடித்துக்கொண்டேன், எண்ணிக்கை குறைவுதான், ஆனால் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை நான்கும் ஒரே ஊர், தேடுகிறவர் எதை அடிப்பார் என்று சொல்ல முடியாது. நம்ம பக்கம் இன்னும் மோசம், திருப்பாதிரிப்புலியூர் என்று போர்டில் இருக்கும், வாயில் திருப்பாப்புலியூர் என்றுதான் வரும். பதிவுக்குள் இயல்பாக இந்த மாற்றுப் பெயர்களும் ஓரிடத்தில் வந்துவிடட்டும். குரல் வழியாகத் தட்டச்சு செய்கிறவர்கள் வெளியிடுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், எனக்கு அது ஒருமுறை 'மாரியம்மன் தேர்' என்று சொன்னதை 'மாறியவன் தேர்' என்று போட்டுக்கொடுத்தது, வெளியிட்டும் விட்டேன்.

படங்களை எடுத்த தேதியோடு சேர்த்து வையுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் சரிந்து விழுந்து இறந்த அன்று, பாண்டியே அழுதது. என்னிடம் 2013-ல் என் அக்கா மகன் அதனிடம் பயந்துகொண்டே ஆசீர்வாதம் வாங்கிய படம் இருந்தது. அதை வைத்து இருபது வரி எழுதினேன், அவ்வளவுதான். அந்த இருபது வரிக்கு வந்த கூட்டம், நான் காசு செலவு பண்ணிப் போய் எழுதிய எந்த ஊருக்கும் வரவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் லட்சுமியோடு நிற்கிற படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். படத்தை போனில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு வன்தட்டில் வருஷவாரியாகப் போட்டுவிடுங்கள், பதிவுகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள்.

வாட்ஸாப்பில் ஒரு பரப்பல் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போகும். அது ஒரு வகையில் நல்லது, வேண்டாதவருக்குப் போய் விழாது. குடும்ப குரூப்பில், பள்ளிக்கூட குரூப்பில் தினம் இணைப்பு போடாதீர்கள். முதல் வாரம் கைதட்டுவார்கள், மூன்றாவது வாரம் குரூப்பையே ஊமையாக்கிவிடுவார்கள், அப்புறம் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிற சேதியும் அதோடு போய்விடும்.

இப்போது பந்திக்கு வருவோம். இப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததும் அழைப்பு வரும். ஓட்டல் திறப்பு, ஈசிஆரில் ரிசார்ட், துணிக்கடை, புத்தக வெளியீடு. கூப்பிட்டதும் சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிடாமல் மூன்று விஷயம் கேளுங்கள், வாட்ஸாப்பில் எழுத்தாகவே கேளுங்கள்: எழுதியே ஆக வேண்டுமா, எழுதினதை வெளியிடுவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டுமா, பிடிக்காததையும் எழுதலாமா. ரெண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அது அழைப்பு இல்லை, விளம்பர வேலை, அதற்குக் கூலி பேச வேண்டும். கூலி வாங்குவது தப்பில்லை, சொல்லாமல் வாங்குவதுதான் தப்பு.

ஓசிச் சாப்பாடு மொய் மாதிரி, எங்கேயோ ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். எனக்குப் புத்தி வந்த கதையைச் சொல்கிறேன். பாண்டியில் ஒரு கடல் உணவு ஓட்டல், பேர் வேண்டாம். திறப்பு அன்று எங்களுக்குத் தனி மேஜை, ஓனரே நின்று பரிமாறினார், இறால் ஒவ்வொன்றும் கட்டை விரல் தடிமன். வீட்டுக்கு வந்து உருகி உருகி எழுதினேன். ஒரு மாதம் கழித்து நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டார். என் பதிவைப் படித்துவிட்டு, கல்யாண நாளுக்கு மனைவி, ரெண்டு பிள்ளைகளோடு போயிருக்கிறார். முக்கால் மணி நேரம் காத்திருந்து, வந்த மீன் வாடை அடித்து, திருப்பி அனுப்பி, சண்டையாகி, பில்லும் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் திட்டவில்லை. "நீங்க காசு குடுத்தா சார் சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அந்த வாரமே என் காசில் போய்ச் சாப்பிட்டேன், அவர் சொன்னது சரி. பதிவின் மேலேயே இரண்டாவது அனுபவத்தை எழுதிச் சேர்த்தேன். அந்த ஓட்டலிலிருந்து அப்புறம் அழைப்பு வரவில்லை.

அன்றிலிருந்து என் பழக்கம் இதுதான்: திறப்பு விழா அன்று விழாவைப் பற்றி மட்டும் எழுதுவேன், சாப்பாட்டைப் பற்றி எழுதுவதானால் மூன்று வாரம் கழித்து, சொல்லாமல், பில் கட்டிச் சாப்பிட்டுவிட்டு எழுதுவேன். இலவசமாக எது வாங்கினாலும் பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன், கடைசியில் பொடி எழுத்தில் இல்லை. இதற்கு விதியும் இருக்கிறது. விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட விளம்பரத் தர மன்றம் 2021-லேயே சமூக ஊடகக்காரர்களுக்கு விதி போட்டது, 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இலவசப் பயணம், பொருள், பணம் எதுவானாலும் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆளைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வருமான வரிப் பக்கமும் ஒன்று இருக்கிறது: 2022 ஜூலையில் வந்த விதிப்படி, ஒரு நிறுவனம் தொழில் தொடர்பாக உங்களுக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், 10 சதவீத வரி பிடிக்க வேண்டும். யாராவது போன் கொடுத்து "வச்சுக்குங்க" என்றால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விழாவில் எப்படி நடந்துகொள்வது? அரை மணி நேரம் முன்னால் போங்கள், குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்பு நடப்பதுதான் எழுதுவதற்கு உகந்தது, நாற்காலி போடுகிறவர், சமையல்கட்டில் இருக்கிறவர் இவர்களிடம் பேசுங்கள். அழைப்பிதழைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேரும் இனிஷியலும் அதில் இருக்கும். நம்ம ஊரில் ஒருவரைப் பத்து வரி திட்டினால்கூட மறந்துவிடுவார், இனிஷியலை மாற்றிப் போட்டால் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிக் காட்டுவார். மேடைப் பேச்சை முழுசாக எழுதாதீர்கள். யாராவது ஒருவர் சொன்ன ஒரு நல்ல வரி போதும், அதையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். பொன்னாடை போர்த்த வந்தால் போர்த்திக்கொள்ளுங்கள், அந்தப் படத்தைப் பதிவில் போடாதீர்கள்.

காசைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் தருகிறது. 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும், அதைப் பதிந்தால்தான் அடுத்த கட்டம், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு முதல் 100 சேர ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. வேலையை விடாதீர்கள்.

வீட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தப் பதிவு என்றால் சொந்தக்காரர்கள் வரத்தான் செய்வார்கள். சித்தப்பா ஒரு கல்யாணத்தில் போதையில் மைக்கைப் பிடித்ததை நகைச்சுவையாக எழுதினேன், ஊரே சிரித்தது, சித்தி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு தீபாவளிக்குப் போய்ப் பதிவை நீக்கிவிட்டேன் என்று சொன்னேன், "அதான் எல்லாரும் படிச்சிட்டாங்களே" என்றார். எழுதப்படுகிறவருக்கு முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் படத்தில் பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் வேண்டாம், சின்ன ஊர், ஒரு படம் போதும் அடையாளம் கண்டுபிடிக்க.

கடைசியாக, கடலூர்ப் பக்கத்துப் பதிவர்களுக்கு மட்டும்: பாண்டி அழைப்பிதழில் எட்டு மணிக்கு முடியும் என்று போட்டிருந்தால் ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு அதற்கப்புறம்தான். பஸ் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, தாண்டிவிடும் போல இருந்தால் இலையைப் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். நான் ரெண்டு தரம் வழியில் இருக்கிற ரெட்டிச்சாவடி வரை லாரியில் வந்திருக்கிறேன்.