அறுபதுக்கு மேல் இமயமலை நடை: சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வு பெற்ற பிறகு இமயமலையில் பத்து, பதினைந்து நாள் நடந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அறுபது வயது அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த வயதில் நம்மிடம் தாராளமாக இருப்பது நேரம் ஒன்றுதான். போயும் போயும் அதையே மிச்சம் பிடிக்கிறோம். முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

எவரெஸ்ட் அடிவார முகாமை எடுத்துக்கொள்வோம். விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர், முகாம் 5,364 மீட்டர். வழக்கமான திட்டத்தில் ஏறுவதற்கு எட்டு நாள் தருவார்கள். ஆபீஸில் இரண்டு வாரம் லீவு வாங்கிக்கொண்டு வருபவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. பென்ஷன் வாங்குபவர் ஏன் அந்தக் கணக்கில் ஓட வேண்டும்? 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி இது. ஆனால் பலரும் இரண்டாம் நாளே ஃபாக்டிங்கிலிருந்து (2,610) நாம்சே பஜாருக்கு (3,440) ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்கள். வழியில் மோஞ்சோவில் ஓர் இரவு, மேலே டெங்போச்சேயில் ஓர் இரவு கூடுதலாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். செலவு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். லடாக்கில் லே பக்கம் போகிறவர்களுக்கும் இதேதான். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறங்கிவிடுகிறோம். முதல் இரண்டு நாள் அறையில் படுத்திருப்பதும் பயணத்தில் சேர்த்திதான்.

“தினமும் மெரினாவில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், எனக்கென்ன?” என்பது அடுத்த தவறு. நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயை உடற்பயிற்சி தடுக்காது. மெதுவாக ஏறுவதுதான் தடுக்கும். அதோடு, கடற்கரை சமதளம். பரங்கிமலையே 90 மீட்டர்தான். மலையில் நம் வயதுக்காரர்களைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை உடம்பின் எடையை ஒவ்வொரு அடியிலும் பிடித்து நிறுத்துகிறது. அது களைத்துப்போனால் பாரம் முழுக்க முழங்காலுக்குப் போகிறது. திருமலைக்கு அலிபிரி வழியாக 3,550 படி ஏறுகிற நம் ஆட்களில் பலர் இறங்குவது பஸ்ஸில்தான். பயிற்சி என்று வந்துவிட்டால் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் அடுக்குமாடியில் லிஃப்டில் மேலே போய், முதுகில் நான்கைந்து கிலோ பையோடு படியில் இறங்குங்கள். கைப்பிடிச் சுவர் பக்கமாக, முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைச் சத்தமில்லாமல் வையுங்கள். ‘டொம்’ என்று கேட்டால் தொடை வேலை செய்யவில்லை, முழங்கால் வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். மூன்று நான்கு மாதம் இதைச் செய்துவிட்டு, ஒருநாள் சோளிங்கரில் 1,305 படி ஏறி, நடந்தே இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது விஷயம் தெரிந்துவிடும். மலையில் இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வேண்டும். வெட்கப்படாதீர்கள்.

மருந்து விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. இதய மருத்துவரிடம் போய் ‘டூர் போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை மீட்டர், எத்தனை நாள் என்று சொல்லி, டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான். பிரஷருக்குச் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் இதயத் துடிப்பை ஏற விடாது. தூக்க மாத்திரையும் மதுவும் இரவில் மூச்சை மட்டுப்படுத்தும். மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு நாமாகப் போட்டுக்கொள்வதும் தப்பு; சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் வீண், அதனால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரசு நடத்தும் கைலாஷ் யாத்திரையில் 70 வயது வரம்பும் மருத்துவப் பரிசோதனையும் வைத்திருக்கிறார்கள். நாமாகப் போகும் நடைக்கு அப்படி யாரும் தடுக்க மாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷூ புதிதாக வேண்டாம், விரல் நுனியில் இடம் இருக்கட்டும். பெரிய மூட்டையை போர்ட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இனிமேல் சொல்லப்போவதுதான். தலைவலியா, பித்தம். நெஞ்சில் அழுத்தமா, கேஸ். சாப்பாடு பிடிக்கவில்லையா, பருப்பு சேரவில்லை. நாம் எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறோம். எவரெஸ்ட் முகாமுக்குப் போகும் வழியில் உள்ள டிங்போச்சேயில், 4,410 மீட்டரில், அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் தட்டை நகர்த்திவிட்டு ‘ஒண்ணுமில்லை’ என்று சுருண்டு படுத்தால், அதை மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் சரியாகாவிட்டால் மேலே போகக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறக்கிவிட வேண்டும். கூட வந்தவர்களுக்குத் தொந்தரவு என்று மறைப்பதுதான் உண்மையில் எல்லோருக்கும் தொந்தரவு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: தினமும் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர் அதைச் சட்டென்று நிறுத்தினாலும் தலை வலிக்கும். காபித்தூளை எடுத்துப் போய்விட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

ராத்திரி குளிரில் எழுந்து சிறுநீர் கழிக்கப் போகச் சங்கடப்பட்டு, சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. அகலமான வாயுள்ள பாட்டில் ஒன்றை அதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால் படுக்கையை விட்டு நகர வேண்டியதில்லை.

கடைசியாக, டிக்கெட். மேகம் இறங்கிவிட்டால் லுக்லா விமானம் அன்று கிளம்பாது. காத்மாண்டுவிலிருந்து சென்னை திரும்பும் டிக்கெட்டை மூன்று நாளாவது தள்ளிப் போடுங்கள். திரும்பிய மறுநாளே வீட்டில் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எதையும் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். உடம்பு முடியாதபோதும் மேலே ஏற வைப்பது பெரும்பாலும் அந்தத் தேதிதான்.