பழைய கடற்படை ஜெட்டை சிமுலேட்டரில் பறக்கவிட: சீ ஹாக்கை வைத்து ஒரு செய்முறை

முப்பரிமாண மாடல் கட்டும் மென்பொருளான பிளெண்டரைத் திறப்பதற்கு முன் விமானத்தின் வரைபடத்தைச் சோதித்துவிடுங்கள். ஸ்கேன் செய்த பழைய படங்கள் ஒரு பக்கமாக இழுபட்டிருப்பது சகஜம். பிரிட்டிஷ் கடற்படையின் பழைய ஜெட்டான ஹாக்கர் சீ ஹாக்கின் நீளம் 39 அடி 8 அங்குலம், விரித்த இறக்கையின் அகலம் 39 அடி. மேலிருந்து பார்க்கும் படத்தில் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.017 வர வேண்டும். 1.04 வந்தால் படம் நீண்டிருக்கிறது. அதன்மேல் மாடலைக் கட்டினால் காக்பிட் கண்ணாடி கடைசிவரை பொருந்தாது.

அடுத்தது இந்த விமானத்தில் எல்லோரும் சறுக்கும் இடம். எஞ்சின் ஒன்றுதான், ரோல்ஸ் ராய்ஸ் நீன். ஆனால் புகைக்குழாய் இரண்டாகப் பிரிந்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே வருகிறது. வாய் இரண்டு என்பதற்காக எஞ்சின் கோப்பில் இரண்டு எஞ்சின் எழுதாதீர்கள். எழுதினால் ஒன்று அணைந்ததும் விமானம் பக்கவாட்டில் இழுக்கும். உண்மையில் அப்படி நடக்கவே வழியில்லை. நடுக்கோட்டில் ஒரே எஞ்சினை வைத்து, வெப்ப அலை எஃபெக்டை மட்டும் இரண்டு வாய்க்கும் கொடுங்கள். நீன் 103 என்றால் உந்துவிசை 5,200 பவுண்டு. ஆஃப்டர்பர்னர் (புகைக்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு) கிடையாது.

நீன் ஒற்றைத் தண்டு எஞ்சின். சிமுலேட்டரோ இரண்டு தண்டுகளின் சுழல்வேகத்துக்கு என்1, என்2 என இரண்டு கணக்கு வைத்திருக்கும். ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) காட்டும் கருவியை என்2-வோடு இணைத்துவிடுங்கள். இன்றைய டர்போஃபேன் கோப்பை நகலெடுத்தால் த்ராட்டிலைத் தள்ளியதும் எஞ்சின் பாய்ந்து சுழலும். அந்தக் காலத்து ஜெட் அப்படி இல்லை, மெதுவாகத்தான் ஏறும். எரிபொருள் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஃபியூவல் ஃப்ளோ கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஐடிலிலிருந்து (குறைந்தபட்ச ஓட்டத்திலிருந்து) முழு ஆர்பிஎம் வர எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். கப்பலில் இறங்கும்போது வரும் பதற்றமே இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

வெற்று எடை 9,278 பவுண்டு. இறக்கைப் பரப்பு 278 சதுர அடி. இறக்கை அகலமான 39 அடியால் வகுத்தால் சராசரி நாண் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான தூரம்) சுமார் 7.1 அடி. எடை மையத்தை முதலில் முன்விளிம்பிலிருந்து அதன் 25 சதவீதத்தில் வையுங்கள். மூக்கு தானாகத் தூக்கினால் மையத்தை முன்னால் நகர்த்துங்கள். சிமுலேட்டரில் லோடு ஆனதும் விமானம் துள்ளினால் சக்கரத் தொடுபுள்ளிகளின் உயரமும் ஸ்டாட்டிக் சிஜி உயரமும் (நிற்கும்போது தரையிலிருந்து எடை மையத்தின் உயரம்) ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

இறங்கும் விமானத்தை நிறுத்தக் கப்பல் தளத்தில் கட்டியிருக்கும் கயிற்றில் வால் கொக்கி மாட்டாமல் போனால் பெரும்பாலும் நீளம்தான் காரணம். விமானத்தை இறங்கும் கோணத்துக்குச் சாய்த்து, பக்கவாட்டுப் பார்வையில் பாருங்கள்: கொக்கியின் நுனி பின்சக்கரங்களின் அடிமட்டத்துக்குக் கீழே தெரிய வேண்டும்.

மடக்கும் இறக்கையில், கீல் அச்சு உடலுக்கு இணையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் படத்தில் அளந்துவிடுங்கள். கீலின் மேல் ஒரு எம்டி ஆப்ஜெக்டை (உருவமில்லாத வெற்றுப் புள்ளி) வைத்து, அதன் ஒரு அச்சைக் கீல் வழியே திருப்பி, இறக்கை நுனியை அதற்குப் பிள்ளையாக்கி (அதோடு சேர்ந்து நகரும்படி இணைத்து), அந்த ஒரே அச்சில் மட்டும் சுழற்றுங்கள். மூன்று அச்சிலும் கீஃப்ரேம் (அசைவின் நிலைகளைப் பதியும் குறி) போட்டால் இறக்கை பாதி வழியில் முறுக்கிக்கொள்ளும். மாடலைச் சிமுலேட்டருக்கு ஏற்றுமதி செய்யும் முன் ஸ்கேலை (அளவு மாற்றத்தை) அப்ளை செய்ய மறந்தாலும் இதே கோளாறுதான்.

மாடலின் மேல் ஒட்டும் வண்ணப்படமான டெக்ஸ்சர் கடைசி வேலை. பிரிட்டிஷ் கடற்படை வண்ணம் என்றால் மேலே எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே என்ற அடர் சாம்பல், கீழே ஸ்கை என்ற வெளிர் நிறம். பேனல் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாகத் தெரிந்தால் மேடுபள்ளத்தைக் காட்டும் படமான நார்மல் மேப்பின் பச்சை சானலைத் தலைகீழாக்குங்கள்.