பழைய காரில் மீட்டர் ஒயரிங், பிரேக் பைப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படும் வேலைகள் இரண்டு: ஆடாத மீட்டரைச் சரிசெய்வது, துருப்பிடித்த பிரேக் பைப்பை மாற்றுவது. பொறுமை இருந்தால் இரண்டையும் நாமே செய்யலாம். தவறு நடப்பதெல்லாம் பெரும்பாலும் முனைகளில்தான்: ஒயர் பாடியைத் தொடும் இடத்தில், பைப் நட்டுக்குள் உட்காரும் இடத்தில். அங்கே கண் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோல் முள் அசையவில்லை என்றதும் புது மீட்டர் வாங்க ஓடாதீர்கள். பழைய வண்டிகளில் டேங்க் யூனிட்டுக்கு (டேங்குக்குள் பெட்ரோல் அளவை உணரும் கருவி) பெரும்பாலும் ஒரே ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருவது டேங்கின் உடம்பு வழியாக. டேங்கைக் கழற்றி பெயின்ட் அடித்து, அடியில் ரப்பர் வைத்து மாட்டினால் அந்தத் திரும்பும் வழி, அதாவது எர்த், போச்சு. யூனிட்டின் உடம்பிலிருந்து சேஸிஸில் பெயின்ட் இல்லாத இடத்துக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்துப் பாருங்கள், பல வண்டிகளில் முள் எழுந்துவிடும். டெம்பரேச்சர் சென்சாரிலும் இதே கதைதான். லீக் ஆகக்கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றினால் சென்சாருக்கு எர்த் கிடைக்காமல் போகலாம்.

டேங்க் யூனிட் வேலை செய்கிறதா என்று பார்க்க அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்கவே கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய ரெசிஸ்டன்ஸ் கம்பி, சுற்றிலும் பெட்ரோல் ஆவி. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஃப்ளோட்டை (யூனிட்டின் மிதவையை) ஏற்றி இறக்கிப் பார்த்தால் போதும். கடையில் ஏதோ ஒரு யூனிட்டைத் தலையில் கட்டுவார்கள், அங்கேயும் ஓம் பார்த்து வாங்குங்கள். சில மீட்டர்கள் டேங்க் காலியாக இருக்கும்போது 10 ஓம், நிறைந்தால் 180 ஓம் எதிர்பார்க்கும். அமெரிக்க வகை நேர்மாறு: காலியில் 240, நிறைந்தால் 33. ஜோடி மாறினால் காலி டேங்குக்கு ‘ஃபுல்’ காட்டும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருந்தால் அதைத் தாண்டி ஒயர் கொடுக்காதீர்கள். அந்த மீட்டர்கள் ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை.

மீட்டர் வேலையில் எனக்கு மிகவும் பயம் தருவது கரண்ட் அளவைக் காட்டும் அம்மீட்டர். வோல்ட்மீட்டரை இணைப்பது போல அதை பேட்டரியின் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டினால் அது நேரடி ஷார்ட். ஒயர் நொடியில் சிவந்து எரியும். அம்மீட்டர் வரிசையில், அதாவது கரண்ட் அதற்குள் புகுந்து போகும்படி வர வேண்டும். தடித்த ஒயரும் வேண்டும். வோல்ட்மீட்டர் போதுமென்றால் அதையே வையுங்கள் என்பேன். இக்னிஷனுக்குப் பின் சப்ளை, நடுவில் பியூஸ், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள்.

இனி பிரேக். பழைய வண்டிகள் பலவற்றில் ஒற்றை சர்க்யூட்தான், அதாவது நான்கு வீலுக்கும் ஒரே ஆயில் வழி; ஒரு ஜாயின்ட் விட்டால் நான்கு வீலிலும் பிரேக் போய்விடும். ஏசி கடையில் கிடைக்கும் வெறும் செம்புப் பைப் வளைக்கச் சுலபம், பிரேக்குக்கு ஆகாது. அதிர்ந்து அதிர்ந்து இறுகி, ஒருநாள் வெடிக்கும். ஸ்டீல் பைப் அல்லது செம்பு-நிக்கல் பைப் மட்டுமே போடுங்கள். ஓட்டையான துண்டை மட்டும் வெட்டி, கம்ப்ரெஷன் ஜாயின்ட் போட்டு ஒட்டும் வேலையும் வேண்டாம்.

பைப் வாயை ஒருமுறை விரித்து விடுவது போதாது, டபுள் ஃபிளேர் (வாய் விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக விரிப்பது) வேண்டும்; பழைய பைப்பில் பபுள் ஃபிளேர் இருந்தால் அதுவே வேண்டும். நேராக வெட்டி, உள்விளிம்பின் பிசிறை எடுத்து, நட்டை முதலில் கோத்துக்கொண்டு பிறகு வாயை விரியுங்கள். பழைய பைப்பைக் கையோடு வைத்து வாயின் வடிவத்தை ஒப்பிடுங்கள். காளான் தலை போன்ற பபுள் ஃபிளேரும் டபுள் ஃபிளேரும் ஒன்றின் இருக்கையில் மற்றது சரியாக உட்காராது. மரையும் அப்படித்தான். மோரிஸ் வழி வந்த பழைய அம்பாசடரில் அங்குல மரை, ஃபியட் வழி வந்த பத்மினியில் மில்லிமீட்டர் மரை. 3/8 அங்குல நட்டு 10 மில்லிமீட்டர் துளைக்குள் இறங்கிப் பிடித்தது போலவே தெரியும். ஓங்கி மிதிக்கும்போது மரை கழன்று வந்துவிடும். கழற்றும்போது சாதா ஸ்பேனர் நட்டை உருட்டிவிடும், ஃபிளேர் நட் ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். எப்போதோ திறந்த டப்பாவில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூட கலக்கக்கூடாது, சீல்கள் ஊதிப்போகும்.

பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும், முன் டிரம்மில் பிரேக் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுவது) மிகத் தூரத்தில் இருக்கும் வீலிலிருந்து தொடங்க வேண்டும். பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம்: பழைய சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கலாம், சீல் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் தீர்ந்தது.

முடித்ததும் ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு ஜாயின்டையும் பார்க்க வேண்டும். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியை ரோட்டில் இறக்கும் முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். சில நாள் கழித்து ஜாயின்டுகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நட்டை மேலும் மேலும் இறுக்கிச் சமாளிக்காதீர்கள். கழற்றி வாயைப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் புது பைப்தான்.