நாஸில் பிளெக்ஸ் போட்டும் படம் ஓடவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

சினாலஜி கம்பெனியின் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் பலர் இப்போது பிளெக்ஸ் பக்கம் வருகிறார்கள். நாஸில் உள்ள படங்களை டிவியில் பார்க்க உதவும் மென்பொருள் அது. 2024இல் வந்த டிஎஸ்எம் (சினாலஜி நாஸின் இயங்குதளம்) 7.2.2 பதிப்போடு சினாலஜி, இதே வேலையைச் செய்த தன் சொந்த வீடியோ ஸ்டேஷனை நிறுத்திவிட்டது ஒரு முக்கியக் காரணம். நாஸின் ஆப் கடையான பேக்கேஜ் சென்டரில் பிளெக்ஸைத் தேடி இன்ஸ்டால் செய்வது சுலபம். தலைவலி அதற்கு அப்புறம்தான். டிவியில் சர்வர் (நாஸில் ஓடும் பிளெக்ஸ்) தெரியாது. தெரிந்தால் லைப்ரரி (படங்களின் பட்டியல்) காலியாக இருக்கும். அதுவும் நிறைந்துவிட்டால் படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

எது நடந்தாலும் உடனே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். கோளாறு பெரும்பாலும் ஃபோல்டர் அனுமதியிலோ வீட்டு நெட்வொர்க்கிலோதான் இருக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் அந்த இரண்டும் அப்படியேதான் இருக்கப்போகின்றன. கீழே உள்ள வரிசையில், ஒன்று சரி என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: சர்வர் ஓடுகிறதா?

டிவியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நாஸ் இணைந்திருக்கும் அதே ரவுட்டரில் உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்எம்மில் கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் என்று போனால் நாஸின் ஐபி முகவரி கிடைக்கும். அது 192.168.1.20 என்றால், பிரவுசரில் 192.168.1.20:32400 என்று அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, வெப் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேருங்கள். 32400 என்பது பிளெக்ஸின் போர்ட் எண், அதாவது நாஸுக்குள் பிளெக்ஸை அடையும் வாசல்.

பக்கம் வந்தால் சர்வருக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் பேக்கேஜ் சென்டரில் பிளெக்ஸ் 'ரன்னிங்' என்று காட்டுகிறதா பாருங்கள். நாஸில் ஃபயர்வாலை நீங்களே ஆன் செய்திருந்தால் 32400க்கு வழிவிட வேண்டும். பக்கம் வந்தும் சர்வரை உங்கள் கணக்கோடு இணைக்க முடியவில்லையா? கணினியில் விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். முதல்முறை இணைப்பை வீட்டு நெட்வொர்க்குக்குள் இருந்தே செய்ய வேண்டும்.

படி 2: லைப்ரரி காலியாக இருந்தால்

புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'நான்தானே அட்மின், எல்லா ஃபோல்டரும் எனக்குத் திறக்கிறதே' என்று தோன்றும். ஆனால் டிஎஸ்எம் 7இல் பிளெக்ஸ் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. 'பிளெக்ஸ்மீடியாசர்வர்' என்று தனக்கென ஒரு யூசர் பெயரில் ஓடுகிறது. நீங்கள் படம் வைத்திருக்கும் ஃபோல்டரைத் திறக்க அந்த யூசருக்கு அனுமதி இருக்காது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கன்ட்ரோல் பேனலில் ஷேர்டு ஃபோல்டர் பகுதிக்குப் போய், படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தேர்ந்து எடிட் அழுத்துங்கள். பெர்மிஷன்ஸ் டேபைத் திறந்தால் உங்கள் வீட்டு யூசர்களின் பட்டியல் மட்டும் வரும். பிளெக்ஸ் பெயர் அதில் இருக்காது. பலர் இங்கேயே குழம்பித் திரும்பிவிடுகிறார்கள். மேலே 'லோக்கல் யூசர்ஸ்' என்றிருக்கும் பெட்டியை அழுத்தி 'சிஸ்டம் இன்டர்னல் யூசர்' என்று மாற்றுங்கள். இப்போது பெயர் தெரியும். படம் பார்க்க மட்டும் என்றால் 'ரீட் ஒன்லி' போதும். டிவி ரிமோட்டிலிருந்து படத்தையே அழிக்கும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம் என்பது என் கட்சி.

அனுமதி கொடுத்தும் சில ஃபோல்டர்கள் மட்டும் வரவில்லை என்றால், அந்த உள் ஃபோல்டர்களுக்குத் தனி அனுமதி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஃபைல் ஸ்டேஷனில் மேல் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, பெர்மிஷன் டேபில் அதே யூசருக்குப் படிக்கும் அனுமதி சேருங்கள். அங்கேயே, உள்ளிருக்கும் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் இதையே பொருத்தச் சொல்லும் கட்டத்தை டிக் செய்து சேமியுங்கள். அப்புறம் பிளெக்ஸில் லைப்ரரியை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்ஸ்டால் ஆகும்போது பிளெக்ஸ் தன் பெயரிலேயே ஒரு ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும். அது அதன் சொந்தத் தரவுக்கானது. படங்களை அதில் போடாதீர்கள், அதை அழிக்கவும் வேண்டாம்.

படி 3: தப்பான போஸ்டர்

படம் வந்துவிட்டது, ஆனால் வேறு ஏதோ படத்தின் போஸ்டர். ஃபைல் பெயரில் படத்தின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டையும் மட்டும் வையுங்கள். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படங்கள் வரும் நம் சினிமாவுக்கு ஆண்டு ரொம்ப முக்கியம். அப்படியும் மாறவில்லை என்றால் 'ஃபிக்ஸ் மேட்ச்' மூலம் கையால் தேர்ந்தெடுக்கலாம்.

படி 4: கணினியில் வருகிறது, டிவியில் இல்லை

ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று. இரண்டுமே ரவுட்டராக வேலை செய்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். டிவியின் முகவரி 192.168.0 என்று தொடங்கி நாஸின் முகவரி 192.168.1 என்று தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அதுதான் காரணம். சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலைக்கு) மாற்றுங்கள். டிவி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இதே கதை. கெஸ்ட் நெட்வொர்க் பொதுவாக மற்ற சாதனங்களைப் பார்க்க விடாது.

கையோடு, ரவுட்டரில் நாஸுக்கு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி நிற்கும்.

படி 5: படம் சுற்றிக்கொண்டே இருந்தால்

படத்தை ஓடவிட்டு, கணினியில் பிளெக்ஸ் செட்டிங்ஸில் டாஷ்போர்டைப் பாருங்கள். 'டைரக்ட் பிளே' என்றிருந்தால் நாஸ் ஃபைலை அப்படியே அனுப்புகிறது. 'டிரான்ஸ்கோட்' என்றிருந்தால் படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறது. 4கே படம் என்றால் சிறிய நாஸ் பிராசஸர் அங்கேயே மூச்சு வாங்கும். டிவி ஆப்பில் ஹோம் ஸ்ட்ரீமிங் தரத்தை 'மேக்ஸிமம்' ஆக்குங்கள். புளூரேயிலிருந்து வந்த பட வடிவ சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்திருந்தால் அணைத்துவிடுங்கள். அதைக் காட்சிமேல் பதிக்கவே சர்வர் முழு வீடியோவையும் மாற்ற வேண்டிவரலாம். ஆடியோவும் காரணமாகலாம். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தை விட்டுவிட்டது.

டைரக்ட் பிளேயிலேயே திணறினால் குற்றவாளி நெட்வொர்க். பல டிவிகளின் லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) வேகம் 100 எம்பிபிஎஸ்தான். 4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த ஃபைல் சில இடங்களில் அதைத் தாண்டும். அப்போது கேபிளைப் பிடுங்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாருங்கள், நன்றாகவே ஓடக்கூடும். நாஸ் பக்கம் 1000க்குப் பதில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் கேபிளை மாற்றுங்கள். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும்.

தமிழ் சப்டைட்டில்

எழுத்துகளுக்குப் பதில் குப்பையாகத் தெரிந்தால், எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். படத்தின் ஃபைல் பெயரையே அதற்கும் வைத்து, '.srt' என்பதற்கு முன் ஒரு புள்ளி போட்டு ta என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் பிளெக்ஸ் அதைத் தமிழ் என்றே பட்டியலில் காட்டும்.