அரைகுறையாகக் கேட்கும் மாணவருக்கு வகுப்பறையில் செய்ய வேண்டியவை

பேச்சில் உயிரொலிகள் உரத்தவை. ச, ப, க போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை. ஆகவே செவித்திறன் ஓரளவே குறைந்த குழந்தைக்கு ஆசிரியரின் குரல் காதில் விழும், சொல் பிடிபடாது. ‘பட்டம்’ என்றால் ‘கட்டம்’ என்று எழுதும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் ஒன்றாகக் கேட்டால், கதையில் வந்தது அண்ணனா தங்கையா என்றே தெரியாமல் போகும். இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது பெரும் அநீதி.

எனவே சொல்வதெழுதும் ஏட்டை முதலில் பாருங்கள். ஒலி நெருங்கிய சொற்களிலேயே பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால், குழந்தையைச் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள். நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகும் என்பதால், ஒரு முறை தேறிவிட்டதை வைத்துச் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

அடுத்தது இருக்கை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். வகுப்பறையிலோ மின்விசிறியும் எதிரொலியும் சேர்ந்து மிச்சத்தையும் விழுங்குகின்றன. செவித்துணைக் கருவி குரலோடு இரைச்சலையும் பெருக்குவதால், அதை அணிந்துவிட்டாலே போதும் என்று எண்ணக்கூடாது. ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருப்பது நல்லது. இதற்கு ஆசிரியர் சட்டையில் அணிந்து, குரலை நேரே செவித்துணைக் கருவிக்கு அனுப்பும் கம்பியில்லா ஒலிவாங்கி பெரிதும் உதவும். அது இல்லையெனில், சன்னலையும் வாசலையும் விட்டு விலகி, முன்வரிசையில், சக மாணவர்களின் முகமும் தெரியும்படி பக்கவாட்டில் அமர்த்துங்கள். ஒரு காது மட்டும் கேட்குமானால், அந்தக் காது சுவரை நோக்காமல் வகுப்பை நோக்கி இருக்க வேண்டும்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள்; எழுதி முடித்துத் திரும்பி, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று சொல்லுங்கள். உதட்டசைவும் எல்லாவற்றையும் காட்டிவிடாது: ‘பாலை’யும் ‘மாலை’யும் உதட்டில் ஒன்றே. ஆகையால் பாடத்தின் புதுச் சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுங்கள். புரியாத வாக்கியத்தை உரக்கக் கத்துவதைவிட வேறு சொற்களில் சொல்வதே பலன் தரும். பின்வரிசை மாணவர் சொல்லும் பதிலை நீங்கள் மறுபடி சொல்லுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் அந்தக் குழந்தை தலையாட்டிவிடும், என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள்.

நாள் முழுவதும் உற்றுக் கேட்பதே களைப்பூட்டும் வேலை. கடினமான பாடத்தைக் காலையில் வையுங்கள். மாலையில் அந்தக் குழந்தை சோர்ந்து மேசைமீது சாய்ந்தால், அதட்டும் முன் கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.