‘ராமோவுக்கு எதிரானவை’: ஒரு கடித வரியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“என்னுடைய அடிப்படைக் கொள்கைகளும் மறைந்த என் தந்தையின் கொள்கைகளும் ராமோவுக்கு எதிரானவை என்று நீங்கள் உரக்கவே சொல்லலாம்.” கார்ல் பிலிப் இமானுவேல் பாக், இசைக் கோட்பாட்டாளர் கிர்ன்பெர்கருக்கு எழுதிய வரி இது. ராமோ, பிரெஞ்சு இசையமைப்பாளர், இசைக் கோட்பாட்டாளர். மேற்கத்திய இசை பயில்கிறவர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டும்போதே சறுக்கியும் விடுகிறார்கள்.

பெரிய தவறு, இதைத் தந்தை யோகான் செபாஸ்தியன் பாக்கின் வாக்காகவே எடுத்துக்கொள்வது. அவர் இறந்தது 1750இல். இந்த வரி அச்சேறியது 1779இல். பேசுவது மகன். அப்பாவிடம் நேரில் பாடம் கேட்டவர் என்பதால் அவர் சாட்சியத்துக்கு மதிப்பு உண்டுதான். ஆனாலும் அது மகனின் சாட்சியம்.

அடுத்தது, எங்கே அச்சானது என்று பார்க்காமல் விடுவது. கிர்ன்பெர்கர் இதைத் தன் சொந்த நூலில் எடுத்துப் போட்டார். பெர்லினில் அவருக்கும் இன்னொரு கோட்பாட்டாளரான மார்புர்குக்கும் கடுமையான சண்டை. ராமோவின் கருத்துகளை 1757இலேயே ஜெர்மனில் தந்தவர் மார்புர்க். 1776இல் அவர் கிர்ன்பெர்கரைத் தாக்கி எழுதினார். அதற்குப் பதிலடியாகத்தான் பாக் குடும்பத்தின் பெயர் மேடைக்கு வந்தது. ‘உரக்கவே சொல்லலாம்’ என்ற சொற்களை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நண்பருக்குச் சபையில் பேச அனுமதி கொடுக்கும் தொனி அது.

சரி, ‘எதிரானவை’ என்றால் ராமோ சொன்ன எல்லாமே தள்ளுபடியா? அப்படி நினைப்பதும் தவறு. சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ கீழே இருந்தாலும் இந்தக் கூட்டுக்கு வேர், அதாவது அடிப்படைச் சுரம், சி தான் என்றார் ராமோ. பாஸ் எனும் கீழ்க்குரலுக்கு மேல் வரும் சுரங்களை எண்களால் குறிக்கும் பழைய ‘எண் பாஸ்’ முறையிலோ, கீழே ஈ இருந்தால் அதிலிருந்தே எண்ணுவார்கள். சி ஆறாவதாக வரும், ஆகவே ‘6’ என்று எழுதுவார்கள். கை எங்கே போக வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம். ஆனால் கிர்ன்பெர்கரே தன் நூல்களில் வேர் சுரத்தைக் கணக்கில் எடுத்தவர்! மார்புர்கோடு அவர் போட்ட சண்டையில் பாதி, யாருடைய வேர்க் கணக்கு சரி என்பதைப் பற்றியது.

இதை ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் பகையாகச் சுருக்குவதும் வேண்டாம். அதற்கு இன்னொரு கடிதத்தை அருகில் வைத்துப் படியுங்கள். 1775 ஜனவரி 13 அன்று அதே மகன், தந்தையின் வரலாற்றை எழுத விரும்பிய ஃபோர்கெலுக்கு எழுதியது. ஆஸ்திரியரான ஃபுக்ஸின் வறண்ட எதிரிசைப் பயிற்சிகளையும் (ஒரு மெட்டோடு இன்னொரு மெட்டை இணைத்து எழுதும் பயிற்சிகள்) அப்பா ஒதுக்கிவிட்டார் என்கிறார் அதில். மாணவர்கள் முதலில் நான்கு குரல்களில் எண் பாஸ் பழக வேண்டும். அப்புறம் கோரல் எனும் தேவாலயப் பாடல்கள்: பாஸ் வரியை அப்பாவே எழுதித் தருவார், நடுக் குரல்களான ஆல்டோவையும் டெனரையும் மாணவர் நிரப்ப வேண்டும். அது கைவந்த பிறகுதான் பாஸ் எழுதும் வேலையும் மாணவர் கைக்கு வரும்.